பேச்சைக் கொடுக்கிறவள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
17 நவம்பர் 1958

ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா என்று ஆரம்பிக்க வேண்டும். நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் அவாவும் இன்றைக்கு எனக்கில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வேலை பார்க்கும் நாகபுரி மொழியியல் கழகம் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விளம்பரம் போட்டது. இரண்டு வருஷம்; அதில் ஒரு வருஷம் அமெரிக்காவில் படிப்பு. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு வருகிற ஏப்ரலில் முப்பது முடிகிறது. எங்கள் காக்ஸ் டவுனும் சேர்ந்த பெங்களூர் கண்டோன்மெண்டில் ஜனங்கள் பேசும் தமிழை ஆராயப்போகிறேன் என்று விண்ணப்பித்தேன். நேற்றுப் பதில் வந்தது. உதவித்தொகை எனக்கில்லை, ஸ்ரீகண்டன் என்பவருக்காம். அவர் ஆராயப்போகும் பொருள் என்ன தெரியுமா? பெங்களூர் கண்டோன்மெண்டில் ஜனங்கள் பேசும் தமிழ்!

அதோடு விட்டார்களா? அந்த ஸ்ரீகண்டனுக்கு 'இன்ஃபர்மண்ட்' ஆக இருக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அதாவது நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சைக் கொடுக்கிறவள் நான், பட்டம் வாங்குகிறவர் நீங்கள்.

ஊட்டியில் நடந்த மொழியியல் கோடை வகுப்பில் நாம் இருவரும் மாணவர்கள். ஒரே பெஞ்சு. பயிற்சிக்காகப் பேச வந்த தோட்டக்காரருக்குக் காய்ச்சல் கண்டபோது, "சொல்ப நாள் நீங்க உக்காருங்கோ டோரீன், இல்லேன்னா கிளாஸே நின்னுடும்" என்று சொன்னது யார்? போனால் போகிறதென்று உட்கார்ந்தேன். கடைசிப் பரீட்சையில் உங்களைவிட அதிக மார்க்கும் வாங்கினேன். நாற்காலிதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, மார்க்கு மறந்துபோயிற்று போலும்.

இதில் உங்கள் கை எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டோரீன் ஹெர்பர்ட்


நாகபுரி
2 டிசம்பர் 1958

அன்புள்ள டோரீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்திவிட்டது. அமைதியாகப் படிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

தேர்வுக் குழுவில் எனக்கு இடம் கிடையாது. ஊட்டி வகுப்பின் கடைசி வாரங்களில் அமெரிக்காவிலிருந்து வந்த பேராசிரியர் மெரில் ஒரு பாடத்தாளைச் சைக்ளோஸ்டைல் செய்து எல்லோருக்கும் கொடுத்தார். அதில் 'இன்ஃபர்மண்ட்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. குழுவினர் கையில் இருந்தது அந்தத் தாள்தான். ஒருவர் தன் பேச்சைத் தானே ஆராய்ந்தால் அதில் நடுநிலை இராது என்பது இயக்குநரின் உறுதியான கொள்கை. உங்கள் விண்ணப்பத்தை அதனாலேயே ஒதுக்கிவிட்டார்கள்.

பொருள் நல்ல பொருள், வீணாகப் போகக் கூடாதே என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். நீங்கள் பாடம் சொல்லும் மிஷனரி மொழிப் பள்ளி மூடப்போகிறது என்று நீங்களே ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இன்ஃபர்மண்ட் வேலைக்கு உங்கள் பெயரை நான்தான் சிபாரிசு செய்தேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். நூல் வெளிவரும்போது முன்னுரையில் உங்களுக்கு முதல் நன்றி என்னுடையதாக இருக்கும்.

மேலும், ஒரு பெண் தனியாக ஒரு வருஷம் அமெரிக்காவில் இருப்பது உங்கள் தகப்பனாருக்குச் சம்மதமாக இருக்குமா என்ற ஐயமும் எனக்கு இருந்தது. தவறாக நினைக்க வேண்டாம்.

நலம் விரும்பும்,
ஸ்ரீகண்டன்


காக்ஸ் டவுன்
11 டிசம்பர் 1958

ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது உங்கள் கடிதம்.

என் அப்பாவின் சம்மதத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை? தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் அவர். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் என்னைக் கேட்டானா? கேக்காம எப்டி எழ்தறான்?" என்றார். அவர் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்.

தன் பேச்சைத் தானே ஆராயக் கூடாதாம்! உங்கள் கழகத்திலேயே மராத்திக்காரர் ஒருவர் தம் ஊர் மராத்தியை ஆராய்ந்து டாக்டர் ஆகியிருக்கிறார் என்று ஊட்டியில் நீங்கள்தானே பெருமையாகச் சொன்னீர்கள்? மராத்திக்காரர் மராத்தியை ஆராய்ந்தால் அது அறிவு, காக்ஸ் டவுன் டோரீன் காக்ஸ் டவுன் தமிழை ஆராய்ந்தால் நடுநிலை கெட்டுவிடுமா? எந்த ஊர் நியாயம் இது?

இன்னொன்று. பொருள் வீணாகப் போகக் கூடாதே என்று எடுத்துக்கொண்டீர்களாம். அந்தப் பொருள் அனாதையாகத் தெருவில் கிடந்ததா? கன்னடமும் உருதுவும் இங்கிலீஷும் கலந்த எங்கள் தெருத் தமிழைப் பற்றி ஊட்டியில் டீக்கடை வாசலில் உங்களிடம் மணிக்கணக்காகப் பேசினேன். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எதற்காக ஆட்டினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

மொழிப் பள்ளி மார்ச்சில் மூடுகிறது. உண்மைதான். சர்க்கார் புது மிஷனரிகளுக்கு விசா கொடுப்பதைக் குறைத்துவிட்டது; படிக்க ஆளில்லை. ஏப்ரலுக்குப் பிறகு எந்த உதவித்தொகைக்கும் என் வயது ஒத்துவராது. எனக்கு இருந்தது இந்த ஒரு வாசல்தான், அதை அடைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன்: இன்ஃபர்மண்ட் வேலை எனக்கு வேண்டாம். உங்கள் இயக்குநருக்கும் எழுதிவிட்டேன்.

டோரீன்


மல்லேஸ்வரம், பெங்களூர்
9 பிப்ரவரி 1959

அன்புள்ள டோரீன் அவர்களுக்கு,

ஆராய்ச்சிக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளியில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை உள்ளே உங்கள் குரல் கேட்டது. எனவே தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் செய்வது நியாயமா? காக்ஸ் டவுனில் ஒருவர்கூட என்னிடம் இயல்பாக வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். தையற்காரர் மைக்கேல்ராஜ் வாடிக்கையாளரிடம் பேசுவதை வாசலில் நின்று கேட்டேன், அற்புதமான பேச்சு. நான் உள்ளே போய்க் கேள்வித்தாளை எடுத்ததும், "ஐயா, தாங்கள் விசாரிக்கும் காரியத்துக்குப் பிரதியுத்தரம் சொல்ல எனக்கு ஞானம் போதாது" என்று பிரசங்கம் செய்வது போல ஆரம்பித்துவிட்டார். பிறகு எழுந்து கடையைச் சாத்தினார். பக்கத்து வீட்டு நர்ஸ் பிரிஜெட் அம்மாள் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறார். அதுவும் "ப்ளீஸ் டோன்ட் கம்" என்ற ஒரே வாக்கியம்.

நீங்கள் சொல்லிவைக்காமல் இது நடக்காது. மார்ச் கடைசியில் நான் முதல் அறிக்கை அனுப்ப வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. கோபம் என்மேல் இருக்கலாம், அறிவுத்துறையைத் தண்டிக்காதீர்கள்.

ஸ்ரீகண்டன்


காக்ஸ் டவுன்
12 பிப்ரவரி 1959

ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

அறிவுத்துறையாம்! நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைப் பிரிஜெட் அக்கா வந்து சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

கேள்வித்தாளில் இருக்கிற வாக்கியங்களை வரிசையாகப் படித்து, 'இதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்பதுதான் உங்கள் முறை. ஊட்டியில் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். ஆனால் அந்த வாக்கியங்களை வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன் நீங்கள் ஒருமுறையாவது காதால் கேட்டுப் பார்த்தீர்களா? பிரிஜெட் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இன்னா டோரீன், எங்க வூட்டுக்காரர் அங்க குந்திக்கினு பேப்பர் பட்ச்சுக்கினு கீறாரு. அவரை வச்சுக்கினே அந்தாளு என்னைப் பாத்து 'என் கணவர் இறந்துவிட்டார், இதைச் சொல்லுங்கள்'ன்றான்! நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? அவனுக்குப் புத்தி கித்தி கீதா?"

மைக்கேல்ராஜிடம் நீங்கள் கேட்டது 'நான் என் தம்பியை அடித்தேன்' என்ற வாக்கியம். அவர் தம்பி போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். இன்றுவரை கடிதம் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. முதலில் உட்கார்ந்து நாலு வார்த்தை விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் அவரை மனிதராக நினைத்துப் போகவில்லை, பேசும் வாயாக நினைத்துப் போனீர்கள். வாயை மூடிக்கொண்டார். என்ன தப்பு?

நடுநிலை, நடுநிலை என்று உங்கள் இயக்குநர் சொன்னாரே, அந்த நடுநிலையை வைத்துக்கொண்டு கையில் என்ன சேர்ந்திருக்கிறது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒன்றும் இல்லை என்று. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களைக் காப்பிக்கு வரச் சொல்கிறார் அப்பா. வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பியது மரியாதை இல்லையாம். அழைப்பு அவருடையது, என்னுடையது அல்ல.

டோரீன்


நாகபுரி
6 ஏப்ரல் 1959

அன்புள்ள டோரீன் அவர்களுக்கு,

வாராவாரம் காப்பிக்கு அழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக முதலில் நன்றி. உங்கள் தகப்பனாருடன் பேசுவது எனக்கு ஒரு விருந்தாகவே இருந்தது. நீங்கள் மட்டும் மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தீர்கள். பள்ளிக்கூட வேலை என்று நினைத்து நானும் தொந்தரவு செய்யவில்லை.

உங்களை எனக்குச் சமமான ஆராய்ச்சியாளராகச் சேர்க்க வேண்டும் என்று இயக்குநரிடம் நேரில் கேட்டேன். நம்புங்கள், கேட்டேன். "இன்ஃபர்மண்டை ஆராய்ச்சியாளராக்கினால் நாளைக்கு ஊட்டித் தோட்டக்காரனும் வந்து கேட்பான்" என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. நீங்கள் இன்ஃபர்மண்டாக வந்தால் உங்கள் பெயரை முன்னுரையில் மட்டுமல்ல, முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உதவித்தொகையை நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உங்கள் அப்பா ஜாடையாகச் சொன்னார். அது என்னால் ஆகாது. தங்கை கோமளத்தின் கல்யாணம் இருக்கிறது. இந்த வேலையை நம்பித்தான் வீடு இருக்கிறது. நான் விட்டாலும் அது உங்களுக்கு வரப்போவதில்லை, வேறு யாருக்கோ போகும்.

அக்டோபரில் மறுபடி காக்ஸ் டவுன் வருகிறேன். அதற்குள் மனம் மாறுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

ஸ்ரீகண்டன்


காக்ஸ் டவுன்
4 மே 1959

ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

தோட்டக்காரர் வந்து கேட்டால் கேட்கட்டுமே! அவரிடமிருந்து எவ்வளவு எழுதிக்கொண்டோம்! அவர் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வெங்கடசாமி. அந்த இயக்குநர் இதைச் சொல்லும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இருக்கட்டும். பள்ளி மூடியாயிற்று. முப்பதும் முடிந்தது. சும்மா உட்கார்ந்து அழுவது என் சுபாவமில்லை. பேராசிரியர் மெரிலுக்கு ஜனவரியிலேயே எழுதினேன்: உங்கள் தாளில் என் பெயரைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள், நான் அந்த வகுப்பின் மாணவி என்று. மனிதர் அதிர்ந்துபோய்ப் பதில் போட்டார். அவர் வந்த நாள் முதல் நான் நாற்காலியில் இருந்ததைத்தான் பார்த்தாராம். நான் மாணவி என்று ஒருவரும் சொல்லவில்லையாம். நீங்களும் சொல்லவில்லை. ஒரு கட்டுரை அனுப்பச் சொன்னார். அது தரமாக இருந்தால் அவருடைய பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே படிக்க இடம் தருவதாகச் சொல்கிறார். வயது வரம்பு கிடையாது.

கட்டுரை தயார். என் பேச்சை எழுதினால் நடுநிலை இல்லை என்பீர்கள். ஆகவே வேறொருவர் பேச்சை எடுத்துக்கொண்டேன். மைசூர் ராஜ்யத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டில் பேசும் தமிழ். பேச்சைக் கொடுத்தவர்: ஸ்ரீகண்டன், ஆண், மல்லேஸ்வரம்.

ஆமாம், நீங்கள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். "தும்ப செகையா இருக்கு மாமா, சொல்ப உப்பு கலந்து மோர் கொடுங்கோ" என்று, 'ரொம்பப் புழுக்கம்', 'கொஞ்சம்' என்பதற்கெல்லாம் கன்னடச் சொல்லைப் போட்டு அப்பாவிடம் கேட்டீர்களே, அது முதல் எல்லாம் இருக்கிறது. பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மெரில் உங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கமே இந்தத் தொழிலில் இல்லை. நான் கேட்கிறேன். சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஜூன் கடைசிக்குள் கட்டுரை அவர் கைக்குப் போக வேண்டும்.

டோரீன்


நாகபுரி
13 மே 1959

மிஸ் டோரீன் ஹெர்பர்ட் அவர்களுக்கு,

என்ன துணிச்சல் உங்களுக்கு!

விருந்தாளியாக அழைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, நான் பேசுவதையெல்லாம் எனக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சியா? எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை மகாராஜாவின் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த குடும்பம். நான் தங்கப் பதக்கம் வாங்கியவன். என்னைப் போய் 'ஆண், மல்லேஸ்வரம்' என்று ஒரு வரியில் அடைத்துவிட்டீர்கள். மோர் கேட்டதைக்கூட விடவில்லை. எங்கள் ஆத்துப் பேச்சில் கன்னடம் 'கலந்திருக்கிறது' என்று எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான் அப்படிப் பேசுவதே இல்லை. காப்பி மேஜையில் கேட்டதை வைத்து ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டதாக நினைக்கக் கூடாது.

என் வாயிலிருந்து வந்த சொல் என்னுடையது. அதை என் முகம் தெரியாத யாரோ படித்துச் சிரிப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. என் பேச்சை வைத்து நீங்கள் கப்பல் ஏறுவீர்கள், எனக்கு என்ன மிஞ்சும்? ஏதோ ஒரு மூலையில் பெயரா?

சம்மதம் இல்லை. இல்லவே இல்லை.

ஸ்ரீகண்டன்


பம்பாய்
22 ஆகஸ்ட் 1959

அன்புள்ள ஸ்ரீகண்டன்,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாதியில், "இரு, இரு. இது நீ அவனுக்கு எழ்துன லெட்டர்தானே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி இன்னும் இருக்கிறது.

உங்களைப் பற்றிய கட்டுரையை அனுப்பவில்லை. நான் எழுதிய தாள்கள் எல்லாம் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. மே மாதம் உங்களுக்கு அனுப்பியதைத் தவிர வேறு பிரதி கிடையாது. நல்ல கட்டுரை அது. தாள்களைக் கட்டும்போது கொஞ்சம் அழுதேன். நீங்கள் பேசுவது அப்படித்தான். சந்தேகம் இருந்தால் கோமளத்திடம் படிக்கக் கொடுங்கள்.

வேறு கட்டுரைக்கு ஆள் தேடினேன். மைக்கேல்ராஜைக் கேட்டேன். "வேணாம்மா, தப்பா எட்த்துக்காதே, எனக்கு மன்சு இல்ல" என்றார். சரி என்று சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிரிஜெட் அக்காவைக் கேட்டேன். "எழ்திக்கோ. ஆனா நான் டாக்டரம்மாவைத் திட்னது மட்டும் வர்க்கூடாது, வேலை பூடும்" என்றாள். அதை எழுதவில்லை. எழுதியதையெல்லாம் அவளிடம் படித்துக் காட்டினேன். கெடுவுக்குள் மெரிலுக்கு அனுப்பினேன். அவர் இடம் கொடுத்துவிட்டார். நாளைக் காலையில் கப்பல்.

இவ்வளவையும் எழுதுவது ஜம்பத்துக்காக அல்ல. அக்டோபரில் நீங்கள் காக்ஸ் டவுன் வருகிறீர்கள். நான் இருக்க மாட்டேன், அப்பா இருப்பார், காப்பி கிடைக்கும். மைக்கேல்ராஜ் கடைக்குப் போவதானால் கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவர் தம்பியைப் பற்றி விசாரியுங்கள். பிறகு, பேசலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

நீங்கள் மே மாதம் இல்லை என்றீர்கள், நான் நிறுத்திக்கொண்டேன். நான் டிசம்பரில் வேண்டாம் என்றேன். நீங்கள் பிப்ரவரியில் வந்து வாசலில் நின்றீர்கள்.

டோரீன்